குழாய் எடுக்கும் தேதி

விசாலாட்சியின் செட்டில் ஒரு சட்டம் இருந்தது. முதல் கூடை தலைக்கு ஏறிவிட்டால் கடைசிக் கூடை இறங்கும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. நாக்கு வறண்டால் ஒரு துளி புளியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளலாம். எச்சில் ஊறும், வேலையும் ஓடும். யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை அது. முப்பது வருஷமாக மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமக்கிற விசாலாட்சி, தனக்கு முன்னால் சுமந்தவர்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது.

காரணம் சின்னதுதான். அளம் தாம்பாளம்போலத் தட்டையான பூமி. ஆள் உயரத்துக்கு ஒரு செடி கிடையாது. ஒதுங்க வேண்டுமானால் வரப்பு வரப்பாக நடந்து, வாய்க்காலைத் தாண்டி, சீமைக்கருவேல முள்ளுக்குப் பின்னால் போக வேண்டும். போய்வர அரைமணி நேரம். ஆறு பெண்கள் சேர்ந்தது ஒரு செட். ஒருத்தி போனால் அவள் கூடையை மற்ற ஐந்து பேரும் சுமக்க வேண்டும். வெயில் ஏறுமுன் ஒரு வரிசைப் பாத்தியை வாரிக் கரையேற்றாத செட்டுக்கு மேஸ்திரி தேவநாதன் மறுநாள் வரிசை கொடுக்க மாட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. வாயைத் திறக்காமல் வரிசையை அடுத்த செட்டுக்குக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லும். அளத்துப் பெண்கள் இரண்டையும் அடக்கினார்கள். அடிவயிறு கல்லாகக் கனக்கும்போது ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பதும் ஆபத்துதான் என்று சொல்லி மறுபடி சிரிப்பார்கள்.

செட்டில் நல்ல நடைக்காரி செந்தாமரை. விசாலாட்சியின் தம்பி சிங்காரத்தின் பெண்டாட்டி. சிங்காரம் அடுத்தவர் படகில் கடலுக்குப் போகிறவன். மீன் பட்டால் சோறு, படாவிட்டால் கடன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு செந்தாமரையைக் கையைப் பிடித்து அளத்துக்குக் கூட்டிவந்தது விசாலாட்சிதான். ஈரக் கூடையிலிருந்து ஒழுகும் உப்புநீர் கண்ணில் விழாமல் சும்மாட்டை எப்படிச் சாய்த்துக் கட்டுவது, காலில் விழுந்த வெடிப்புக்கு எதைத் தடவுவது, காலையில் எத்தனை வாய் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். செந்தாமரை எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது. எரிகிறது என்பாள், சொட்டுச் சொட்டாகப் போகிறது என்பாள். விசாலாட்சி தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவிவிடுவாள். வெயில் சூடு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சூடு யாருக்குத்தான் இல்லை?

ஆனி மாதம் ஒருநாள் செந்தாமரை கூடையோடு வரப்பில் உட்கார்ந்தாள். வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குத்தித் திருகுவதுபோல இருக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். அவள் கூடையைக் கீழே போட்டு அன்றுதான் முதல்முறையாக எல்லாரும் பார்த்தார்கள். திண்டிவனத்தில் வலிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சிறுநீரகப் பிரிவில் டாக்டர் மணிமாறன் என்று ஒருவர். நரைத்த தலை, தாழ்ந்த குரல். சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்குகிற குழாயில் கல் அடைத்துக்கொண்டிருக்கிறது, வெட்டாமல் கொள்ளாமல் மூத்திரம் போகிற வழியிலேயே கருவியை விட்டு உடைத்து எடுத்துவிடலாம் என்றார். காப்பீட்டு அட்டையில் எல்லாம் நடந்தது.

கல்லை எடுத்த பிறகு விசாலாட்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு படம் வரைந்து காட்டினார். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறோம், வீக்கம் அடங்கும்வரை மூத்திரம் அடைபடாமல் இறங்க அது உதவும், ஆறு வாரம் கழித்து எடுத்துவிட வேண்டும், எடுப்பது ஐந்து நிமிஷ வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அதுவரைக்கும் அதற்குப் பிறகும் நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது.

"உள்ள குழாய் இருக்கிறதே உங்களுக்குத் தெரியாதும்மா. வலியும் இருக்காது. அதனாலதான் நெறைய பேரு மறந்துடறாங்க. நீங்க மறந்துடக் கூடாது" என்றார்.

தேதி போட்ட சீட்டை விசாலாட்சி வாங்கி வைத்துக்கொண்டாள். செந்தாமரைக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். விசாலாட்சி எட்டாவது வரை படித்தவள்.

ஆவணி முதல் வாரத்தில் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பு, வேலை முடிந்து கால் கழுவும்போது செந்தாமரை கேட்டாள்.

"அண்ணி, அந்தத் தேதி வந்துடுச்சே. போய்ட்டு வந்துடலாமா?"

விசாலாட்சிக்கு அன்றைக்கு ஆயிரம் யோசனை. மழைக்கு முன்னால் உப்பு முழுவதையும் கரையில் அம்பாரமாக ஏற்றியாக வேண்டும். வருஷத்தின் கடைசி வேலை. இதில் வரிசை இழந்த செட் தை வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். கண்டமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு செட் வேலை கேட்டு வந்து தேவநாதனிடம் பேசிவிட்டுப் போயிருந்தது. ஒரு செட்டில் ஐந்து பேர்தான் என்றால் அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி.

"இப்ப உனுக்கு வலிக்குதா?"

"வலி இல்ல. ஒன்னுக்குப் போறச்ச லேசா எரியுது. அவ்ளோதான்."

"அப்ப இன்னும் ஒரு பத்து நாளு பொறுத்துக்க. அம்பாரம் ஏறிடட்டும். நானே கூட்டிக்கினு போறேன்."

செந்தாமரை சரி என்றாள். சொல்லப்போனால் அவளுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. அந்த அறையில் மறுபடி காலை விரித்துப் படுக்க வேண்டும், சின்னப் பையன்கள்போல இருக்கிற டாக்டர்கள் சுற்றி நிற்பார்கள் என்று நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. பத்து நாள் தள்ளிப்போனதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

பத்து நாள் ஒரு மாதம் ஆயிற்று. உள்ளே குழாய் இருப்பதால் மூத்திரம் முன்னைவிட அடிக்கடி முட்டியது. அதற்கு அவள் ஒரு வழி கண்டாள். காலையில் குடிக்கிற கஞ்சியையும் நிறுத்திவிட்டாள். மூன்று லிட்டர் குடிக்கச் சொன்ன உடம்புக்குச் சாயங்காலம் வரை ஒரு சொம்புகூட இறங்கவில்லை. பக்கத்தில் நடந்த விசாலாட்சிக்கு இது தெரியும். இவளாவது பொறுப்பாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள்.

அம்பாரம் ஏறியது. மழை பிடித்தது. கார்த்திகையில் வந்த புயலில் ஊரே இடுப்பளவு தண்ணீரில் நின்றது. ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருந்த விசாலாட்சியின் தகரப் பெட்டி மிதந்து போய் எங்கேயோ கவிழ்ந்தது. தண்ணீர் வடிந்ததும் ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஆதாருக்கு வரிசையில் நின்றார்கள். இன்னொரு சீட்டும் போயிற்று என்பது யார் நினைவிலும் இல்லை. வலிக்காத உடம்பை யார் நினைக்கிறார்கள்? தை பிறந்ததும் சேறு மூடிய பாத்திகளை வெட்டி எடுக்கும் வேலை. மாசியில் மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை. அவ்வப்போது செந்தாமரை விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்திரம் செம்மண் தண்ணீர் மாதிரி போகிறது என்று ஒருநாள் சொன்னாள். விசாலாட்சி மறுபடி விளக்கெண்ணெயும் சுண்ணாம்பும் எடுத்தாள்.

பங்குனியில் அவளுக்குக் குளிர் கண்டது. வெயிலில் நின்றுகொண்டே பல் கிட்டியது. சிங்காரமும் விசாலாட்சியும் அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு திண்டிவனம் வழியாக முண்டியம்பாக்கம் போய்ச் சேரும்போது அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

முதுகில் துளை போட்டுச் சின்னக் குழாய் விட்டுச் சீழை வடித்தார்கள். பை நிறைய வந்தது. மூன்று நாள் மருந்து ஏறிய பிறகுதான் செந்தாமரை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அன்று டாக்டர் மணிமாறன் எக்ஸ்-ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகெலும்புக்குப் பக்கத்தில் விரல் பருமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு, மேல்முனையில் உருண்டையாக ஒரு கட்டி.

"குழாய் வெச்சு எட்டு மாசம் ஆகுது. ஆறு வாரத்துல வரச் சொன்னேனேம்மா. ஏன் வரல?"

விசாலாட்சி வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து செந்தாமரை பேசினாள்.

"நான்தான் சார் மறந்துட்டேன். இவங்க சொல்லிக்கினேதான் இருந்தாங்க."

டாக்டர் தலையை மட்டும் அசைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. விசாலாட்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதுவரை தன்னைக் கோழை என்று அவள் நினைத்ததே இல்லை.

வேறொரு பரிசோதனை செய்து பார்த்தார்கள். வலது சிறுநீரகம் நூற்றுக்கு ஐந்துகூட வேலை செய்யவில்லை. வைத்திருந்தால் சீழ் மறுபடி பிடிக்கும், எடுத்துவிடுவதுதான் வழி, இடதுபக்கம் நன்றாக இருக்கிறது, ஒன்றை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் வாழலாம் என்று டாக்டர் சிங்காரத்துக்கு விளக்கினார். சிங்காரம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததைக் காட்ட வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டார்கள். சிங்காரம் தன்னால் முடியாது என்று சொல்லிவிட, விசாலாட்சி போனாள். தட்டில் அது இருந்தது. கிழிந்து நைந்த பை போல. அதற்குள்ளிருந்து டாக்டர் இடுக்கியால் குழாயை இழுத்துக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் என்று படம் போட்டுக் காட்டியது, இப்போது வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பொருக்குப் பிடித்துத் தடித்திருந்தது. தட்டில் பட்டபோது டக்கென்று கல் விழுந்த சத்தம் கேட்டது.

"தண்ணி கொறைஞ்சா மூத்திரம் கெட்டியாகும். கெட்டியானா அதுல இருக்கிற உப்பு படியும். படியறதுக்கு ஒரு பொருளும் உள்ள இருந்துச்சுன்னா கேக்கவே வேணாம்" என்றார் டாக்டர்.

இதை அவர் விசாலாட்சிக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பாத்தியில் மறந்து விட்ட குச்சியில் உப்பு எப்படிப் பூக்கும் என்று அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். நீர் வற்ற வற்ற உப்பு இறங்கும். அதை இறக்குவதுதானே அவள் பிழைப்பு? தம்பி பெண்டாட்டியின் வயிற்றுக்குள்ளேயும் அவள் அதைத்தான் செய்திருக்கிறாள். நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வார்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் நாள், செந்தாமரைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது விசாலாட்சி கேட்டாள்.

"எதுக்குடி டாக்டர்கிட்ட அப்பிடிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது அண்ணி? உங்கள நாலு திட்டு திட்டினா, போனது எனுக்கு வந்துடுமா?"

"நான்தான்டி உன்ன நிறுத்தினது."

"நீங்க நிறுத்துனீங்க. நானும் நின்னேன்" என்றாள் செந்தாமரை. பிறகு கையை நீட்டி விசாலாட்சியின் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மணிமாறன் செந்தாமரையிடம் பேசவில்லை, விசாலாட்சியிடம் பேசினார். இருக்கிற ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். உப்பளத்து வேலையை விட முடியுமா என்று கேட்டார். அவள் முடியாது என்று தலையசைத்ததும், அப்படியென்றால் தண்ணீர், எப்போதும் தண்ணீர், வந்தால் உடனே போக வேண்டும், இந்த இரண்டுக்கும் மேல் என்னிடம் மருந்து இல்லையம்மா என்றார்.

அந்த வருஷம் செந்தாமரை வீட்டோடு இருந்தாள். சிங்காரத்தின் சம்பாத்தியத்தில் இரண்டு வேளை ஓடியது, மூன்றாவது வேளை ஓடவில்லை. அடுத்த பங்குனியில் அவளே வந்து சும்மாட்டுத் துணியை எடுத்தாள். நோயாளியைச் சேர்த்துக்கொண்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று தேவநாதன் தயங்கினார். அவள் கூடையையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேரும் சுமப்போம், அவள் வாருகோலை மட்டும் பிடிக்கட்டும் என்று விசாலாட்சி மல்லுக்கு நின்று அவளைச் சேர்த்தாள். பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டாள். மூடி போட்ட மூன்று லிட்டர் கேன் ஒன்றைத் தன் கையால் நிரப்பி, தன் கையால் சுமந்து வந்து, வரப்பில் வைத்தாள். மணிக்கொரு தரம் கண்ணால் ஜாடை காட்டுவாள். செந்தாமரை குடிப்பாள்.

குடித்தால் போக வேண்டும். போனால் அரைமணி நேரம். முதல் நாள் மூன்று தடவை போனாள். அந்த வரிசை முடியும்போது உச்சி சாய்ந்திருந்தது, மற்ற நாலு பேரும் யாரையும் பார்க்காமல் கூடையைக் கவிழ்த்தார்கள். அதுவே விசாலாட்சிக்குச் சுருக்கென்று தைத்தது.

கக்கூஸ்கூட வேண்டாம், ஒரு மறைப்பு போதும் என்று தேவநாதனிடம் கேட்டாள். ஐயாவிடம் சொல்கிறேன் என்றார் அவர். ஐயா என்பது அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், திண்டிவனத்தில் இருக்கிறார். ஒரு மாதம் வரை ஐயாவிடமிருந்து சேதி வரவில்லை. விசாலாட்சி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்காரத்தைக் கூட்டிப்போய் நாலு கருவேலங்கொம்பு வெட்டிவந்து மேட்டு வரப்பின் ஓரத்தில் நட்டாள். அம்பாரம் மூட வைத்திருந்த தென்னங்கீற்றில் எட்டை எடுத்து மூன்று பக்கமும் கட்டினாள். உள்ளே ஒரு குழி, பக்கத்தில் ஒரு குவியல் மணல். பார்க்க ஒரு கோழிக்கூண்டு அளவுதான்.

நாலு நாள் அது நின்றது. அந்த நாலு நாளும் செந்தாமரை மட்டும் இல்லை, செட்டே தண்ணீர் குடித்தது. அடுத்த செட்டுப் பெண்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டே வந்து போனார்கள். சித்ரா என்று ஒருத்தி, பதினைந்து வருஷமாகக் கூடை சுமப்பவள், உள்ளே போய்விட்டு வந்து விசாலாட்சியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். வரிசைகளும் நேரத்தோடு முடிந்தன.

ஐந்தாம் நாள் ஐயாவின் வண்டி வந்தது. உப்பு வாங்குகிற இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். ஐயா மேட்டு வரப்பைக் காட்டி என்னவோ கேட்பதும் தேவநாதன் குனிந்து பதில் சொல்வதும் தூரத்திலிருந்து தெரிந்தது. வண்டி போன பிறகு தேவநாதன் விசாலாட்சியிடம் வந்தார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"பிரிச்சுடச் சொல்லிட்டாரு. ஜனங்க வாயில வெக்கிற பொருள் இருக்கிற எடமாம். வாங்க வந்தவங்க பாத்துட்டு மூஞ்சி சுளிச்சாங்களாம்."

"அப்ப எங்க போறதுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். இவ்ளோ பெரிய எடத்துல எடமா இல்லன்னாரு."

மேற்கே கருக்கல் கட்டியிருந்தது. கோடை மழை இறங்கினால் கரையில் இருக்கிற உப்பு கரைந்துவிடும், அந்தக் கீற்றையும் சேர்த்து அம்பாரத்தை மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் தேவநாதன். விசாலாட்சி மறைப்பின் கட்டுகளை அவிழ்த்தாள். எட்டுக் கீற்றையும் மற்றப் பெண்கள் தூக்கிப்போய் உப்பின்மேல் போட்டார்கள். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டு, ஒரு கல் உப்பு வெளியே தெரியாதபடி மூடி முடிக்கப் பொழுது சாய்ந்தது. மழை வரவில்லை.

மறுநாள் காலையில் விசாலாட்சி வழக்கம்போலக் கேனை நிரப்பி வரப்பில் வைத்தாள். மணிக்கொரு தரம் ஜாடை காட்டினாள். செந்தாமரை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு வாரினாள். நாலாம் தடவை விசாலாட்சி கூடையை இறக்கிவிட்டுக் கிட்டே போனாள்.

"ஒரு வாயாவது குடிடி. உன் கால்ல விழறேன்."

"சாயங்காலம் ஊட்டுக்குப் போய்க் குடிக்கிறேன் அண்ணி. வரிசை முடியட்டும்" என்றாள் செந்தாமரை. அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. புளி.

வரிசை முடிந்தது, நேரத்தோடு முடிந்தது. தேவநாதன் மறுநாளைக்கு வரிசை காட்டினார். ஆறு பேரும் கால் கழுவிக்கொண்டு வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கடைசியாக வந்த விசாலாட்சி கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தது.